வாலைப் பார்: சென்னைப் புறநகரின் இரைகொல்லிப் பறவைகள்

1. பெயர்க் குழப்பம்

தாம்பரம், வேளச்சேரி பக்கம் வானில் வட்டமிடும் எதுவும் நமக்குக் ‘கழுகு’தான். செம்பருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘கருடன்’ என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மொட்டைமாடியில் நின்றபடி ஆண்டு முழுவதும் எளிதில் பார்க்கக்கூடியவை கரும்பருந்து, செம்பருந்து, வைரி ஆகிய மூன்றும். இவற்றைப் பிரித்தறிய நிறம் அவ்வளவாக உதவாது. வாலும் பறக்கும் விதமுமே உதவும் என்பது என் கருத்து.

2. பருந்துகள் இரண்டு

வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் வளர்ந்த செம்பருந்துக்கே உரியவை. அதன் இளம்பறவை பழுப்பாக இருக்கும். கரும்பருந்து என்றே தோன்றும். எதிர்வெயிலிலோ எல்லாமே கருநிழல்தான். வாலைப் பார்த்தால் குழப்பம் தீரும். செம்பருந்தின் வால்நுனி உருண்டையானது, கரும்பருந்தினுடையது நடுவில் பிளந்தது. ஒரு எச்சரிக்கை: திரும்பும்போது கரும்பருந்து வாலை விசிறியாக விரித்தால் பிளவு மறைந்துவிடும். மடக்கும்வரை பொறுக்க வேண்டும்.

3. வைரி

புறா அளவுதான். வட்டமிடுவதைவிட, இலைமறைவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே அதிகம். ஆகவே கண்ணைவிடக் காதுக்கு வேலை. வீட்டு முருங்கையில் அணில் வாலை வெட்டி வெட்டி நிறுத்தாமல் கத்தினால், பூனை இல்லையென்று பார்த்துக்கொண்டு மேற்கிளைகளைத் தேடலாம். மார்பில் குறுக்காக மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், தொண்டை நடுவே ஒரு கருங்கோடு. ஆணின் கண் சிவப்பு, பெண்ணுடையது மஞ்சள். இளம்பறவைக்கு மார்பில் குறுக்குக் கோடு கிடையாது, சொட்டுச் சொட்டாகப் பழுப்புக் கறைகள். கிளம்பினால் நாலைந்து விரைவான சிறகடிப்பு, பிறகு ஒரு சறுக்கல், மறுபடி சிறகடிப்பு. ஓணான், அணில், சிறு பறவைகள் அதன் இரை.

3.1 போலிகள்

அக்காக்குயில் நிறத்திலும் பறப்பிலும் வைரியை அப்படியே ஒத்தது. சிறு பறவைகளே அஞ்சிப் பதறும்போது நாம் ஏமாறுவதில் வெட்கமில்லை. அமர்ந்தபின் அலகைப் பார்க்க வேண்டும்: வைரிக்குக் கொக்கிபோல் வளைந்திருக்கும், குயிலுக்கு அவ்வளவு வளைவில்லை. கரிச்சான் வேறு வைரியின் குரலில் கத்தும். குரலை மட்டும் கேட்டு நான் குறிப்பேட்டில் எழுதிய ‘வைரி’களில் எத்தனை கரிச்சானோ!

4. அந்தி

பகலில் மட்டும் பார்ப்பவர் புள்ளி ஆந்தையைத் தவறவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் மரப்பொந்திலிருந்தோ பழைய சுவரின் ஓட்டையிலிருந்தோ தலையை நீட்டி, நம்மைப் பார்த்து மேலும் கீழுமாகக் குனிந்து நிமிரும். இதற்கு வால் பார்க்கத் தேவையில்லை.