தோட்டாப் பணமும் வாத்துக் கணக்கும்: பெல்ரோஸின் 1959 முடிவுரையை மறுபடி வாசித்தல்

ஈரநிலப் பறவைகளின் ஈய நஞ்சேற்றம் பற்றி எழுதும் எவரும் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இல் வெளியிட்ட அறிக்கையைத் தொடாமல் போக முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் வெளியீடு அது. அதன் எண்கள் பல தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கைமுதலாக இருந்தன. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றை அல்ல, அறிக்கை முடியும் இடத்தில் வரும் ஒரு தீர்ப்பை. வேட்டையில் ஈய ரவையையே (தோட்டாவில் வரும் சிறு ஈய உருண்டைகளை) தடைசெய்யும் அளவுக்குக் கடுமையான சட்டம் தேவைப்படும்படி இழப்பு இன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நிலைமை முற்றினால் இரும்பு ரவை ஒரு மாற்றாகலாம் என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பு பெல்ரோஸின் சான்றுகளிலிருந்து பிறக்கவில்லை என்பது என் கருத்து. அந்த ஆய்வுக்கு எங்கிருந்து பணம் வந்ததோ, அங்கிருந்து வந்த கேள்வியே அதைப் பிறப்பித்தது.

தொடக்கக் கதையைச் சுருக்கிவிடலாம். 1870களிலேயே டெக்சாஸில் நஞ்சேறிய பறவைகளைக் கண்டதாக ஒரு செய்தி மேற்கோள் வழியாகவே கைமாறி வருகிறது. அதன் ஆண்டை நான் உறுதியாக ஏற்கவில்லை. ஜார்ஜ் பேர்டு கிரின்னல் தம் வேட்டை இதழில் எழுதிய 1894ஆம் ஆண்டுக் குறிப்பே எனக்குத் திடமான தொடக்கம். அதன்பின் அலெக்சாண்டர் வெட்மோர். மத்திய வேளாண் துறை அவரை யூட்டா மாநிலத்துக்கு அனுப்பியது ஈயத்தைத் தேட அல்ல, பெரிய உப்பேரியின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கில் வாத்துகள் மடிந்ததற்குக் காரணம் காண. அந்தச் சாவுகளுக்குக் காரச் சேறு காரணம் என்று அவர் சொன்னார். அது பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த வேலையின் ஊடே கண்டதை 1919இல் தனி அறிக்கையாக்கினார்: ஆறாம் எண் ரவை ஆறு விழுங்கிய வாத்து தப்புவதில்லை, ஒரே ஒரு ரவையால் செத்த பறவையும் உண்டு. வேறொரு கேள்விக்காக ஒதுக்கிய அரசுப் பணத்தில் கிடைத்த விடை இது. யாருடைய சரக்கையும் காக்கவேண்டிய கட்டாயம் வெட்மோருக்கு இல்லை.

நோய் வரும் வழி எளிது. வாத்து தீனியை அரைக்க மணலும் கூழாங்கல்லும் விழுங்கும். சேற்றில் கிடக்கும் ரவையையும் சேர்த்தே விழுங்கிவிடும். அரைவைப்பையில் (கறிக்கடையில் மாங்காய் என்பது) ரவை தேயத் தேய, அமிலத்தில் கரைந்த ஈயம் இரத்தத்தில் கலக்கும். பறவை மெலிந்து, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி, சிறகைக் கூரைபோல் தூக்கிப் பிடித்தபடி வாரக்கணக்கில் நலிந்து புதர்களில் ஒதுங்கிச் சாகும். கழுகும் நரியும் பிணத்தை இழுத்துப்போய்விடும். ஆகவே கண்ணில் படும் சாவு, நடக்கும் சாவில் ஒரு சிறு துணுக்கு. இதை மறுக்கமுடியாதபடி நிறுவியவர் பெல்ரோஸ்தான்.

அவருடைய முறையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளிலிருந்து ஏறத்தாழ 36,000 அரைவைப்பைகள் திரட்டப்பட்டன. நூற்றுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவானவற்றில் விழுங்கிய ரவை இருந்தது. அத்தோடு நிற்காமல், காட்டு மல்லார்டு வாத்துகளுக்கு எண்ணி ரவை ஊட்டி, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு, ஊட்டாதவற்றோடு ஒப்பிட்டார். ஒரு ரவை விழுங்கிய வாத்து வேட்டைக்காரரிடம் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று கண்டார். அதன்படி அரைவைப்பைக் கணக்கைக் குறைத்துத் திருத்தினார். ரவை உடலில் சுமார் மூன்று வாரமே தங்கும் என்பதால், பருவம் முழுவதற்கும் அதைப் பெருக்கியும் திருத்தினார். முடிவில் மிசிசிப்பி வலசைப் பாதையின் மல்லார்டுகளில் ஆண்டுக்கு 4 விழுக்காடும், வட அமெரிக்க நீர்ப்பறவைகள் அனைத்திலும் 2 முதல் 3 விழுக்காடும் ஈயத்தால் சாகின்றன என்றார்.

இந்த இடத்தில் ஒரு பாடபேதம் கவனிக்கத்தக்கது. பிற்கால எழுத்துகளில் ஆண்டு இழப்பு 16 முதல் 24 லட்சம் பறவைகள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் 1959ஆம் ஆண்டு அறிக்கையைச் சுட்டியே வருகிறது. கணக்குப் போட்டால் இவ்விரு எல்லைகளும் 8 கோடியின் 2, 3 விழுக்காடாகத் துல்லியமாக அமைகின்றன. அதாவது பெல்ரோஸின் விழுக்காடும் பறவைத் தலைகளின் எண்ணும் ஒரே மதிப்பீட்டின் இரு உருவங்கள். ஆனால் அவை எதிரெதிர்த் திசையில் வேலைசெய்தன. நூற்றுக்கு இரண்டு மூன்று என்றபோது அது தாங்கக்கூடிய இழப்பாகப்பட்டது. இருபது லட்சம் வாத்துகள் என்றபோது அது தடைக்கு வாதமாயிற்று. பெல்ரோஸ் முதல் உருவத்தோடு நின்றார். எத்தனை விழுக்காடு இழந்தால் தடை தேவை என்பதற்கு அவர் எந்த அளவுகோலும் வகுக்கவில்லை. வகுக்காத அளவுகோலை எட்டவில்லை என்று ஒரு தீர்ப்பு எப்படிச் சொல்ல முடியும்?

இங்கேதான் பணத்துக்கு வருகிறேன். 1959 அறிக்கைக்கு முன்னோடியாக ஜேம்ஸ் ஜோர்டனும் பெல்ரோஸும் 1950, 1951இல் வெளியிட்ட ஆய்வுகள் மாநில ஆய்வகம், இல்லினாய் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, ஈஸ்ட் ஆல்டன் ஊரின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் என்னும் தோட்டா நிறுவனமும் சேர்ந்த கூட்டு முயற்சி. அந்த நிறுவனம் ஓலின் குழுமத்தைச் சேர்ந்தது. தோட்டாக்காரர் பணத்தில் செய்த ஆய்வு தோட்டாக்காரருக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று கைகழுவிவிடும் வாசிப்பு ஒன்று உண்டு. அதை நான் ஏற்கவில்லை, காரணம் விடைகள் சாதகமாக இல்லை. ஈயத்தோடு மக்னீசியம் போன்றவற்றைக் கலந்தால் ரவை வயிற்றில் நொறுங்கி வெளியேறிவிடும் என்று மினசோட்டாவிலிருந்து 1936இல் எழுந்த நம்பிக்கையை இவர்கள் சோதித்து, கலவை ரவையும் அதே அளவு கொல்லும் என்று எழுதினார்கள். அதை எந்தத் தோட்டா நிறுவனமும் விரும்பியிருக்காது.

ஆனால் கேள்வியைப் பாருங்கள். எந்த உலோகக் கலவை குறைவாகக் கொல்லும்? எத்தனை வாத்து வேட்டைக்கு மிஞ்சும்? இரண்டும் ரவை விற்பவரும் ரவை சுடுபவரும் கேட்கக்கூடியவை. 1934இன் வாத்து முத்திரை, அதாவது நீர்ப்பறவை வேட்டைக்கு வாங்கவேண்டிய வில்லை, வேட்டைக்காரர் தரும் பணம். 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பியது. அமெரிக்காவின் சதுப்புகளை இந்தப் பணம் காத்தது உண்மை, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அது வாத்தை அறுவடையாகப் பார்க்கப் பழக்கியது. அறுவடையில் மூன்று விழுக்காடு சேதம் என்றால் பயிரை மாற்றச் சொல்ல மாட்டார்கள். பெல்ரோஸின் கடைசித் தீர்ப்பில் எனக்குக் கேட்பது அந்தக் குரல். பணம் கொடுத்தவர் அதை எழுதச் சொன்னார் என்பதற்குச் சான்றில்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அந்தத் தீர்ப்பைத் தவறென்று காட்டக்கூடிய பறவை எதுவும் கணக்குக்குள்ளேயே வரவில்லை என்கிறேன்.

அந்தப் பறவை வெண்தலைக் கழுகு. நலிந்த வாத்தைத் தின்ற கழுகின் வயிற்றுக்கும் ஈயம் போகிறது. வேட்டைப் பையிலிருந்து திரட்டிய 36,000 அரைவைப்பைகளில் கழுகு இருக்க வழியில்லை. 1976இல் மத்திய மீன், வனவிலங்குத் துறை எஃகு ரவைக்கான மண்டலங்களைத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. 1978இல் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்: மாநிலத்தின் இசைவு இல்லாமல் எஃகு ரவை விதிகளை அமல்படுத்த மத்தியப் பணம் செலவாகக் கூடாது. ஆய்வுக்குப் பணம் தடுக்கப்படவில்லை, ஆய்வின் முடிவு சதுப்புக்குப் போகத்தான் தடுக்கப்பட்டது. இந்த முடிச்சை அவிழ்த்தது வாத்துக் கணக்கு அல்ல. தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு 1985இல் கழுகுகளை முன்னிறுத்தி நீதிமன்றம் சென்றது. 1991இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை தடையாயிற்று. ஆய்வாளர் சாண்டர்சனோடு சேர்ந்து 1986இல் பெல்ரோஸ் எழுதிய மறுபார்வை, 1959இன் மனநிலையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. எந்த ஆண்டில் அவர் மனம் மாறினார் என்று வெளியீடுகளை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். 1970களின் நடுப்பகுதி என்பது என் ஊகம்.

தடைக்குப் பின் ஆண்டர்சன், ஹவேரா, ஜெர்ச்சர் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் மிசிசிப்பிப் பாதையில் மறுபடி அரைவைப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். மல்லார்டுகளின் ஈயச் சாவு 64 விழுக்காடு குறைந்திருக்கும் என்றும், 1997இன் 9 கோடிப் பறவைகளில் 14 லட்சம் பிழைத்திருக்கும் என்றும் 2000இல் எழுதினார்கள். அவர்கள் நடந்ததும் பெல்ரோஸ் போட்ட பாதையில்தான். ஆகவே ஒன்றரை மடங்கு, மூன்று வாரம் என்ற அவருடைய திருத்தங்கள் எவ்வளவு சரியோ, அந்த 14 லட்சமும் அவ்வளவே சரி. கழுகுகள் அந்தக் கணக்கிலும் இல்லை.