உயில்: சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் அதன் வரலாறு

உயில் என்பது ஒருவர் தம் மறைவுக்குப் பின் தம் சொத்து யாருக்கு, எவ்வாறு சேர வேண்டும் என்று எழுதி வைக்கும் ஆவணம் ஆகும். எழுதியவர் உயிருடன் இருக்கும் வரை அதற்குச் செயல் இல்லை. அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அதை மாற்றலாம், நீக்கலாம். இன்று சாதாரணக் குடும்பங்களும் அறிந்த இந்த ஆவணம் பழைய இந்துச் சட்டத்தில் இல்லாத ஒன்று. ஆங்கிலேய நீதிமன்றங்கள் வழியாகச் சென்னை நகருக்குள் நுழைந்து, நீண்ட காலத்துக்குப் பின்னரே சுற்றியிருந்த ஊர்களுக்குப் பரவியது. பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பம் போன்ற ஊர்களில் அதன் விதிகள் நகரத்து விதிகளிலிருந்து அண்மைக்காலம் வரை வேறுபட்டே இருந்தன.

பெயர்

'உயில்' என்னும் சொல் ஆங்கிலத்தின் 'வில்' என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. 'மரண சாசனம்' என்ற பெயரும் வழங்கியது. இலங்கைத் தமிழில் அப்பெயர் இன்றும் புழக்கத்தில் உள்ளது. சொல் கடனாக வந்ததே பொருளும் கடனாக வந்ததைக் காட்டுகிறது.

உயிலுக்கு முந்தைய நிலை

தமிழ்நாட்டில் பின்பற்றப்பட்ட மிதாட்சர முறையில் குடும்பச் சொத்து தனி ஒருவருடையது அன்று. தந்தை, மகன், பேரன் ஆகிய ஆண்கள் பிறப்பாலேயே அதில் பங்குடையவர்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளிடம் சேர்ந்துவிடும். எனவே இறப்பவர் தம் விருப்பப்படி எழுதி வைக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. ஆண் வாரிசு இல்லாதவர் தத்து எடுத்தார். விதவைக்கும் மணமாகாத மகளுக்கும் சீவனாம்ச உரிமை மட்டும் இருந்தது.

ஆயினும் தம் காலத்துக்குப் பிறகும் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வேறு வழி இருந்தது. அது அறக்கொடை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்த செய்தி பல இடங்களில் வருகிறது. ஆடுகளைப் பெற்ற இடையர் அவற்றின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. முதல் குறையாமல் வருவாயை மட்டும் செலவிடுவதே இன்றைய அறக்கட்டளையின் கணக்கும் ஆகும். ஆனால் இக்கொடை கொடுத்தபோதே கைமாறிவிடும். இறந்த பின் நடைமுறைக்கு வரும் உயில் அது அன்று.

நகரமும் நீதிமன்றமும்

1726ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னையில் மேயர் நீதிமன்றத்தைப் புதிய அதிகாரங்களுடன் அமைத்தது. உயில்களை மெய்ப்பித்துச் சான்றளிக்கும் அதிகாரமும் அவற்றுள் ஒன்று. இச்சான்று 'புரோபேட்' எனப்படும். கோட்டையின் ஆங்கிலேயருக்காக வந்த வழக்கம் இது. நாளடைவில் அவர்களோடு தொழில் செய்த துபாசிகளும் வணிகர்களும் அதைக் கைக்கொண்டனர். அவர்களில் பலருடைய செல்வம் பூர்வீகமாக வந்தது அன்று. சொந்த உழைப்பில் ஈட்டியது. அதைக் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அவர்கள் கருதினர். 1801இல் சென்னையில் உச்ச நீதிமன்றமும், 1862இல் உயர் நீதிமன்றமும் ஏற்பட்டன.

பச்சையப்பர் உயில்

சென்னை வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட உயில் பச்சையப்ப முதலியாருடையது. அவர் 1754இல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார். சென்னையில் நாராயண பிள்ளை என்ற துபாசியின் ஆதரவில் வளர்ந்து, தாமும் துபாசியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1794 மார்ச் 22 அன்று உயில் எழுதினார். அதே மாதம் 31ஆம் தேதி திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது 40.

உயிலில் முதன்மையாக இடம்பெற்றவை கோயில் கட்டளைகளும் அன்னதானம் போன்ற அறங்களும் ஆகும். ஆனால் அவர் மறைந்ததும் சொத்து வழக்கில் சிக்கியது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அறங்கள் அவர் நினைத்தபடி நடைபெறவில்லை. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டனும் இதை நீதிமன்றத்தில் எடுத்து நடத்தினர். 1832இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு கிடைத்தது. அறங்களுக்கு 1 லட்சம் வராகன், அதாவது சுமார் 3.5 லட்சம் ரூபாய், ஒதுக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் வட்டியோடு பெருகியிருந்த மிகுதித் தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது.

அத்தொகையில் 1842 ஜனவரி 1 அன்று ஒரு பள்ளி தொடங்கியது. 1850இல் கிரேக்கக் கோயில் வடிவில் பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. 1889இல் பள்ளி முதல்நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. உயில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதை நிறைவேற்றக் கடமைப்பட்டவரும் அவரைக் கணக்குக் கேட்கும் அமைப்பும் வேண்டும். மேலும், எழுதியவர் நோக்கத்தை ஒட்டி மிகுதியை வேறு நற்பணிக்குத் திருப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருந்ததால், தேங்கிக் கிடந்த பணம் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது.

இந்துக்கள் உயில் எழுதலாமா?

பச்சையப்பர் எழுதிவிட்டார் என்பதால் எல்லா இந்துக்களுக்கும் உயில் உரிமை வந்துவிடவில்லை. 1829இல் சென்னை அரசு பிறப்பித்த 5ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், இந்துக்களின் உயில்கள் இந்துச் சட்டத்துக்கு ஒத்த அளவில் மட்டுமே செல்லும் என்றது. இந்துச் சட்டத்திலோ உயில் இல்லை. இதனால் நகருக்கு வெளியே உயிலின் மதிப்பு ஐயத்துக்கு இடமானது.

1856இல் நாகலட்சுமி அம்மாள் எதிர் கோபு நடராஜ செட்டி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இதை ஆராய்ந்தது. பழைய இந்துச் சட்டத்தில் உயில் இல்லை என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனாலும் பழைய கண்டிப்பு தளர்ந்துவிட்டது என்றும், பூர்வீகம் அல்லாத சொத்தைச் சென்னை மாகாணத்திலும் உயிலால் கொடுக்கலாம் என்றும் கூறியது. 1863இல் வல்லிநாயகம் பிள்ளை எதிர் பச்சே வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்துக்களின் உயில் உரிமையை ஏற்றது. 1872இல் வங்காளத்திலிருந்து சென்ற தாகூர் வழக்கில் பிரிவி கவுன்சில் ஒரு வரம்பு இட்டது. இன்னும் பிறக்காத ஒருவருக்கு இந்து ஒருவர் உயிலால் சொத்து வைக்க முடியாது என்பது அது. இவ்வரம்பு பின்னர் சட்டங்களால் தளர்த்தப்பட்டது.

நகரத்துக்கு ஒரு விதி, புறநகருக்கு ஒரு விதி

1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சிகள் ஆகிய விதிகளைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது வங்காளப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. அப்போது பூந்தமல்லி செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்த பின் பூந்தமல்லியும் சென்னீர்குப்பமும் அதில் அமைந்தன. நகர எல்லைக்கு வெளியே இருந்ததால், அங்கே ஓர் இந்து சாட்சிக் கையொப்பம் இன்றியும், வாய்மொழியாகவும்கூட உயில் செய்ய முடிந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் எல்லா இந்து உயில்களுக்கும் ஒரே முறை வந்தது.

இருப்பினும் ஒரு வேறுபாடு நீடித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் ஓர் இந்து எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள வீடு, மனையைப் பற்றிய உயிலுக்கும் புரோபேட் பெற்றால்தான் நீதிமன்றத்தில் உரிமை கோர முடிந்தது. சென்னீர்குப்பத்தில் எழுதி, சென்னீர்குப்பத்து மனையைப் பற்றியதாகவே இருந்த உயிலுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அதே உயிலில் மயிலாப்பூரில் ஒரு வீடும் சேர்ந்திருந்தால், அந்த வீட்டைப் பொறுத்து புரோபேட் வேண்டியிருந்தது. சட்டத்தின் 213ஆம் பிரிவில் இருந்த இக்கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ஆயினும் உயிலில் தகராறு எழுந்தால் அது உண்மையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதை முன்வைப்பவருக்கு உண்டு.

யாழ்ப்பாணத்து ஒப்பீடு

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குகளை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தனர். அதில் சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்று வகை. முதுசம் பரம்பரையாக வருவது; சீதனம் பெண்ணுக்குத் திருமணத்தில் தருவது; தேடியதேட்டம் மணவாழ்வில் ஈட்டியது. மகளுக்கு வாழும் காலத்திலேயே சீதனமாகப் பங்கு சென்றதால் உயிலுக்குத் தேவை குறைவாக இருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் கட்டளைச் சட்டம் இலங்கையில் உயில் எழுதும் உரிமையைப் பொதுவாக்கியது.

பெண்களின் பங்கு

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உயில் இன்றி இறக்கும் ஆணின் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு தந்தது. தந்தை இந்த முதல் வகுப்பில் இல்லை. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவருக்குள்ள பங்கையும் உயிலால் கொடுக்க அனுமதித்தது. மிதாட்சர முறை முன்பு மறுத்த உரிமை இது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாத மகள்களைக் கூட்டுக்குடும்பப் பங்காளிகள் ஆக்கியது. மைய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான மகள்களுக்கும் இதை விரித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது.

இங்கே உயில் இரு முனைகளும் கூர்மையான கருவி ஆகிறது. சட்டம் கொடுத்த பங்கை மகளுக்கு இல்லாமல் செய்யவும் அது பயன்படும். ஆதரவற்ற மகளுக்கோ மனைவிக்கோ கூடுதலாகக் கொடுக்கவும் பயன்படும். பெண்ணின் சொந்தச் சொத்து பற்றிய விதியைப் பலர் அறிவதில்லை. கணவரும் பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய மனை முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். அவரைப் பெற்றவர்கள் அதற்கு அடுத்த நிலையில்தான் வருவர். பெற்றோர் வழியாக வாரிசுரிமையில் வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். தம் தாய்க்கோ தங்கைக்கோ அந்த மனை சேர வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்கு உயிலே வழி.

இஸ்லாமியச் சட்டத்தில் கடனும் இறுதிச்சடங்குச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்கு வரையே உயிலால் கொடுக்கலாம். கிறித்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

இன்றைய நடைமுறை

வயல்கள் வீட்டு மனைகளாக மாறிய மேற்குப் புறநகரில், ஒரு தலைமுறைக்கு முன் சிறு தொகைக்கு வாங்கிய இடமே பல குடும்பங்களின் மொத்தச் சொத்து. அதனால் கீழ்க்கண்டவை முக்கியமாகின்றன.

உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதுபவர் கையொப்பமோ கைந்நாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பயன்பெறுபவரையே சாட்சியாக வைப்பது பின்னால் சந்தேகத்துக்கு இடம் தரும். எழுதுபவரை விட வயதில் இளைய சாட்சிகள் நல்லது. ஏனெனில் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவு கட்டாயம் அன்று. விரும்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம்; அதற்குக் காலவரம்பு இல்லை. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பதிவு செய்த உயிலும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது அன்று. 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில், சந்தேகத்துக்குரிய சூழல்களை விளக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் குறிப்பிடும் நாமினி பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. 1983இல் சர்பதி தேவி வழக்கில், காப்பீட்டு நாமினி பெறும் தொகை சட்டப்படி வாரிசுகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலையை மாற்றியது.

உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதுவதும் வழக்கம். அது பதிவான உடனே சொத்து கைமாறிவிடும். பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. பிள்ளைகளுக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பின்றி நின்ற பெற்றோர் உண்டு. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு ஒரு தீர்வு தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் மூலம் மீட்கலாம். உயிலில் இந்த இடர் இல்லை. எழுதியவர் வாழும் வரை வீடு அவர் பெயரிலேயே இருக்கும்.