குளமும் தாங்கியும்: ஓர் ஆங்கிலச் சொல்லும் வன்னியின் வரலாறும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராயப் புகும் எவரும் 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சந்தியாது செல்லுதல் இயலாது. ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டிலும், 1900இல் நிறுவப்பெற்ற நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆவணங்களிலும் நம் குளங்கள் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. அதே சொல் கூரைமேல் நிற்கும் நீர்த்தொட்டியையும், வாகனத்தின் எரிபொருட் கலத்தையும், போர்க்களத்துக் கவச ஊர்தியையும் குறிக்கும். இப்பொருள்கள் அனைத்தும் வன்னி மண்ணில் வந்து கூடியமை தற்செயலன்று. அதன் பின்னணியை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

முதற்கண் சொல்லின் பிறப்பு. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி இதனை விரிவாக ஆராய்கின்றது. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொற்கள் ஒருபுறம். நீரைத் தடுத்துத் தேக்குதல் என்னும் கருத்தடியாகப் பிறந்த போர்த்துக்கீசச் சொல்லான 'தாங்க்கே' மறுபுறம். இவ்விரண்டும் கலந்தே ஆங்கில வழக்கு உருவாயிற்று என்பர். எவ்வாறாயினும், குளம் என்னும் பொருள் தென்னாசியாவுக்கு வந்த ஆங்கிலேயரிடையே வேரூன்றியதாகும். இங்கிலாந்தில் வாழ்ந்த வாசகனுக்கு அச்சொல் ஒரு கலத்தையே நினைவூட்டிற்று.

இவ்வேறுபாடு சிறிதன்று. வன்னி விவசாயியின் மொழியில் மண்ணாலான கட்டும், துருசும், மிகைநீர் பாயும் வானும், அலைகரையும், வாய்க்காலும், அதன் கீழ் வயலும் சேர்ந்ததே குளம். ஆற்றின் ஆழமான நீர்நிலை மடு. படிகட்டி அமைத்தது கேணி. தாழ்நிலத்துச் சிறு நீர்நிலை மோட்டை. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், விசுவமடு, இரணைமடு என ஊர்ப்பெயர்களே இவ்வேறுபாடுகளைப் பேணி நிற்கின்றன. ஆங்கில ஆவணத்தில் இவற்றுட் பல ஒரே சொல்லுள் அடங்கின. பின்னர் பரப்பளவே வகைப்பாட்டின் அடிப்படையாயிற்று. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் வழங்குபவை 'சிறு குளங்கள்' எனக் கமநல சேவைகளின் பொறுப்பிலும், ஏனையவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. ஒரே ஆற்றுப்படுகையில் ஒன்றன் வான்நீரை மற்றொன்று ஏற்கும் குளத்தொடர் இவ்வாறு அலுவலகங்களுக்கிடையே பிரிவுண்டது.

கவச ஊர்திக்கு இப்பெயர் வந்த கதையும் நீரோடு தொடர்புடையதே. முதலாம் உலகப் போரின்போது 1915இல் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட அவ்வூர்தியின் இரகசியத்தைக் காக்கும்பொருட்டு, அது நீர்கொண்டு செல்லும் கலம் என்னும் கருத்துப்பட 'டாங்க்' எனப்பட்டது. 1916 செப்டெம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் அது முதன்முதல் இறங்கியபோது மறைபெயரே நிலைபெயராயிற்று. ஈழத்துச் செய்தித்தாள்கள் அதனை 'டாங்கி' என்றும் 'யுத்த தாங்கி' என்றும் வழங்கின. 'தாங்கு' என்னும் வினையடியோடு ஒலியாற் பொருந்தியமையால் 'தாங்கி' நீர்த்தொட்டிக்கும் எளிதில் இசைந்தது. தமிழகத்தில் சிறு ஏரியைக் குறிக்கும் 'தாங்கல்' என்னும் சொல்லும் இவ்விடத்து நினைவுக்கு வரலாம். எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பித்தல் சொல்லாராய்ச்சி ஆகாது.

இச்சொல்லின் மூன்று பொருள்களும் 2009 தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒருங்கே அழிவின் சாட்சிகளாயின. ஜனவரி 2இல் அந்நகர் அரச படையினர் வசமாயிற்று. தகர்ந்து வீழ்ந்த நகரின் பெரிய நீர்த்தாங்கி, போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் அவ்வாறே கிடந்து, தெற்கிலிருந்து வந்தோரின் காட்சிப்பொருளாயிற்று. அதே மாதத்தில் கல்மடுக் குளத்தின் கட்டு உடைபட்டு வெள்ளம் பரந்தது. படை முன்னேற்றத்தைத் தடுக்கப் புலிகளே அதனைத் தகர்த்தனர் எனப் படைத்தரப்பு அறிவித்தது. டாங்கிகளின் போரில் குளமும் ஆயுதமாயிற்று. இழப்போ கட்டின் கீழ் வாழ்ந்த உழவருடையது.

போருக்குப் பின் எழுந்த இரணைமடுப் பிணக்கிலும் இப்பொருள்முரண் வேறொரு வடிவில் வெளிப்பட்டது எனலாம். 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற இக்குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்தில் பயிராகும் இந்நிலத்தில் ஒரு பகுதிக்கே சிறுபோக நீர் கிடைக்கும். எஞ்சிய நீரைக் கணித்துப் பங்கிடுவது பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் கடமை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் நியாயமானதே. ஆயின் திட்டமிடுவோர் குளத்தைக் கொள்ளளவு கொண்ட கலமாகக் கண்டனர். விவசாயிகளோ மழையையும் போகத்தையும் பங்கையும் பொறுத்து இயங்கும் வாழ்க்கை முறையாகக் கண்டனர். இறுதியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பெற்று 2024இல் திறக்கப்பட்டது.

சொல்லை மாற்றுவதால் மட்டும் நீர்ப்பங்கீடு நேராகிவிடாது என்பதை நாம் அறிவோம். எனினும், ஆங்கிலத்தில் வரையப்பட்ட திட்ட அறிக்கை தமிழாக்கப்படுமிடத்து 'டாங்க்' என்பது குளமா, மடுவா, கேணியா, மோட்டையா எனக் கேட்டு எழுதுதல் வேண்டும். அவ்வாறு கேட்க முற்படும் அதிகாரி, அதற்கு விடை தேடி அந்நீரை ஆண்டாண்டாகப் பங்கிட்டு வந்தவர்களிடமே செல்ல நேரும். வன்னிக் குளங்களின் வரலாற்றையும் அவர்களிடமிருந்தே நாம் எழுதத் தொடங்குதல் தகும்.