காரைக்கால் பகுதிப் பள்ளிக் கல்வி

தருமபுரம், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி, நெடுங்காடு முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டு, அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில், நிலத்தின் பக்கமெல்லாம் தமிழகத்தால் சூழப்பெற்று, ஒன்றியப் பிரதேசத் தலைநகராகிய புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் விலகி, 160 சதுர கிலோமீட்டரளவிற் கிடக்கும் சிறிய பிரதேசமே காரைக்கால். இதன் கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கு முதலிற் புலப்படுவது, இங்குள்ள பிள்ளைகள் இன்னது படிக்க வேண்டுமென்று விதித்த அதிகாரம் ஒருகாலத்தும் இம்மண்ணில் இருந்ததில்லை என்பதாம். முன்னர்ப் பாரிசும், பின்னர்ச் சென்னையும், இப்பொழுது தில்லியும் அதனைச் செய்து வருகின்றன.

பாடத்திட்டம் என்னும் சொல் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பகுதியில் வித்தை வழங்கியது. காரைக்காலம்மையார் பிறந்த ஊர் இது. தருமபுரமோ (மயிலாடுதுறையை அடுத்த ஆதீனத் தருமபுரம் வேறு) யாழ்மூரிநாதர் கோயிலாற் பெயர் பெற்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊராகிய இங்கே, ஞானசம்பந்தரின் பதிகங்கள் சிறப்பது பாணர் வாசிப்பினாலேயே என உறவினர் புகல, அதுகேட்டு நடுங்கிய பாணர் வேண்ட, யாழில் அடங்காத பதிகமொன்றைச் சம்பந்தர் பாடினார் என்பதும், யாழை முறிக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்றவளவில் வாசித்து வருமாறு பணித்தார் என்பதும் பெரியபுராண வரலாறு. கருவியின் எல்லையைக் காட்டிய பின்னும் மாணாக்கன் கையிலிருந்து அதனைப் பறியாத ஆசிரியரை இக்கதையிற் காண்கின்றோம். பள்ளியைப் பற்றிய கட்டுரையில் இதனைக் கூறாது விட மனம் ஒருப்படவில்லை.

ஊர்தோறும் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரல் வைத்து எழுதிப் பழகி, பின் ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, ஆத்திசூடியும் எண்சுவடியும் நெட்டுருச் செய்து, சட்டாம்பிள்ளையின் கண்காணிப்பிற் பிள்ளைகள் வளர்ந்தனர். ஆயினும் வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமிருந்ததில்லை.

1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றியும் திருப்பியளித்தும் வந்தமையால், 1817-இல் ஆட்சி உறுதிப்படும்வரை சர்க்கார் கல்வி வேரூன்றவில்லை. அதன்பின் கிறித்தவ சபையினர் பாடசாலைகளும் அரசாங்கப் பாடசாலைகளும் எழுந்தன. பிரெவே என்னும் பிரெஞ்சுத் தேர்வில் தேர்ந்தவனுக்கு உத்தியோகமும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறும் வாய்ப்பும் கிட்டியமையால் பிரெஞ்சுப் படிப்பிற்கு மதிப்பு மிகுந்தது. ஆயினும் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் தமிழே உயிர்ப்பாக இருந்தது. தமிழ் உபாத்தியாயர்களைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பரீட்சை உண்டு. அதில் தேறிய கனகசுப்புரத்தினம் என்னும் பதினெட்டு வயது இளைஞர் 1909-இல் நிரவிப் பள்ளியில் வேலைக்கு அமர்ந்தார். பிற்காலத்தே பாவேந்தர் பாரதிதாசனாக விளங்கிய அவருடைய ஏறத்தாழ 37 ஆண்டு ஆசிரியப் பணி காரைக்கால் மண்ணிலேதான் தொடங்கியது என்பதை இப்பகுதியார் இன்றும் உவகையோடு நினைக்கின்றனர்.

பிரெஞ்சு ஆட்சி செய்தவற்றுள் யான் தலையாயதாகக் கருதுவது, 1930-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கியதேயாகும். சென்னை மாநிலத்தில் காமராசர் காலத்துத் திட்டம் பரவுதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலியாகச் செல்லும் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கவும், வந்தபின் இருத்தவும் எந்தச் சட்டத்தினும் ஒரு வேளைச் சோறு வலியது.

1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவிற்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவுற்றது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திற்கெனத் தனிப் பாடவாரியம் அமையாமையால், காரைக்கால் தமிழகப் பாடத்திட்டத்தையும் பொதுத்தேர்வையும் ஏற்றது. அவ்வாறே அப்பிரதேசத்தின் பிற பகுதிகளாகிய மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. பிரெஞ்சு விருப்பப் பாடமாகச் சுருங்கியது. எல்லை தாண்டிய ஊர்களின் பிள்ளைகள் படித்த நூல்களையே தம் பிள்ளைகளும் படித்தமை பெற்றோர்க்கு ஒருவகை இயல்பான நிம்மதியைத் தந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம்; ஏழு வயது நிரம்பியோருள் எழுத்தறிவு பெற்றோர் 87 விழுக்காடு. அரசுப் பள்ளிகள் ஊர்தோறும் பரவியதே இதற்கு மூலகாரணமாம்.

2014-15-இல் ஆரம்ப வகுப்புகளில் நுழைந்த மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம், 2024-25 முதல் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளையும் முழுதும் தழுவியது. அகில இந்திய நுழைவுத் தேர்வுகளுக்கு மாணவர் ஆயத்தமாவர் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம், அது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் தமிழ்வழி பயின்றுவந்த மாணவர் இடைவகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தோடு போராடுவதையும், பழைய முறையில் நெடுநாள் போதித்த ஆசிரியர்க்குப் போதிய பயிற்சிக் காலம் வேண்டுமென்பதையும் கருதாது வேகங்காட்டுதல் தகாது. வீட்டில் விளங்கும் மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் முதலில் விளங்க வேண்டும். அந்த அடிப்படையின்றி நுழைவுத் தேர்வுப் பயிற்சி நில்லாது.

மேற்படிப்பிற்குரிய ஸ்தாபனங்களோ அண்மையிலேயே உள்ளன. 2010-இல் தோன்றிய தேசியத் தொழில்நுட்பக் கழகமும், ஜிப்மர் மருத்துவக் கழகத்தின் கிளையும் காரைக்காலிலேயே இயங்குகின்றன. 2023-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் புதுச்சேரி அரசு நடைமுறைப்படுத்தியபின், மீனவர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் பிறந்து அரசுப் பள்ளியிற் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பின் வாயில் சற்றே அகன்றிருக்கிறது.