155 கிராம் மதராசி

போன மாசம் திருநாவலூர் போயிருந்தேன். எங்க பெரியப்பா அங்கதான் இருக்காரு. ராணுவத்துல சமையல்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு எழுபதை நெருங்குது. இன்னமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ரோட்டோரமா ஓடிட்டு வந்து, வாசல்ல துண்டு விரிச்சு தண்டால் எடுக்கிறாரு. சாப்பாட்டு விஷயத்துல அவருக்கு ஒரே கொள்கைதான். "சோறு தின்னா உடம்பு வராதுடா. சப்பாத்தி தின்னு. பஞ்சாபிக்காரனப் பாத்திருக்கியா?"

அவருக்கு ஆண்ட்ரே ரஷ் போட்டோவைக் காட்டினேன். உங்கள்ல பலர் பாத்திருப்பீங்க. 2018 ஜூன்ல வெள்ளை மாளிகைக்கு வெளியே எடுத்தது. சமையல்காரர் கோட்டு, அதைக் கிழிச்சுக்கிட்டு வர்ற மாதிரி 24 அங்குல புஜம். அமெரிக்க ராணுவத்துல மாஸ்டர் சார்ஜென்டா இருந்து ஓய்வு பெற்ற செஃப். தற்கொலை செஞ்சுக்கிற முன்னாள் வீரர்களை ஊர் உலகம் கவனிக்கணும்னு தினமும் 2,222 தண்டால் எடுக்கிறவர். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இவன் சோறு தின்ன மாட்டான்" அப்படின்னாரு.

எனக்கு அந்த வாக்கியம் மனசுல மாட்டிக்கிச்சு. சோறு தின்கிறவன் பலவீனமானவன்னு நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஏன்னா, திருநாவலூரே ஒரு படை தங்கின ஊர். 940-கள்ல, முதலாம் பராந்தக சோழனோட மகன் இராஜாதித்தன், இராஷ்டிரகூடர்களை எதிர்பார்த்து இந்தத் திருமுனைப்பாடி நாட்டுல படையோட இருந்தான். ஊருக்கு இராஜாதித்தபுரம்னே ஒரு பேர் இருந்தது. அந்தப் படையில மலைநாட்டு வீரர்கள், அதாவது இன்னைக்குக் கேரளான்னு சொல்றோமே, அங்கேருந்து வந்தவங்களும் இருந்தாங்க. கோயில்ல எரிஞ்ச நந்தா விளக்குகளுக்குக் கொடுத்த கொடை எல்லாம் கல்வெட்டுல இருக்கு. அந்தக் காலத்துல ஒரு நந்தா விளக்குக்கு 90, 96ன்னு ஆடு கொடுப்பாங்க, நெய்க்காக. 949ல தக்கோலத்துல, யானை மேல இருந்தபடியே இராஜாதித்தன் செத்துப்போனான். தோத்தாங்கதான். ஆனா அரிசி தின்னதால தோத்தாங்கன்னு யாரும் எழுதி வைக்கல.

800 வருஷம் தாண்டி வருவோம். 1751, ஆற்காடு. கிளைவும் கொஞ்சம் சிப்பாய்களும் கோட்டைக்குள்ள 50 நாள் முற்றுகையில மாட்டிக்கிட்டாங்க. அப்போ இந்தியச் சிப்பாய்கள், 'சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் கொடுங்க, வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்'னு சொன்னதா ஒரு கதை. மெக்காலே 1840ல எழுதின கட்டுரையாலதான் இது ஊரெல்லாம் பரவிச்சு. விசுவாசத்தைப் புகழச் சொன்ன கதை, அதனால கொஞ்சம் சந்தேகத்தோடதான் கேட்கணும். ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அரிசியில இருக்கிற தயமின், அதாவது வைட்டமின் பி1, தண்ணியில கரையும். வடிக்கும்போது கஞ்சியோட கணிசமா போயிடும். கதை நிஜம்னா, சத்துல ஒரு நல்ல பங்கு சிப்பாய்க்குத்தான் கிடைச்சிருக்கும்!

அடுத்த நூற்றாண்டுல காத்து திசை மாறுது. 1881லேருந்து 1885 வரைக்கும் மதராஸ் படையோட தளபதியா இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்களுக்குப் போர்க்குணம் போயிடுச்சுன்னு முடிவு கட்டினாரு. அப்புறம் மொத்த இந்தியப் படைக்கும் தளபதியானாரு. சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர்னு 'வீர இனங்கள்' பட்டியல் ஒண்ணு பலமாச்சு. மதராஸ் பட்டாளங்கள் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

இதுக்கு அறிவியல் முத்திரை மாதிரி ஒண்ணு நம்ம குன்னூர்லேருந்தே கிடைச்சது. ராபர்ட் மெக்கரிசன், ராணுவ மருத்துவர். கில்கிட் பக்கம் வேலை பாத்தப்போ ஹன்சா மக்களோட உடல்வாகைப் பாத்து அசந்து போனவர். 1918ல குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துல பெரிபெரி ஆராய்ச்சியை ஆரம்பிச்சாரு. அதுதான் வளர்ந்து, பின்னால ஹைதராபாத்துக்கு மாறி, இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

1920-கள்ல அவர் ஒரு சோதனை செஞ்சாரு. ஏழு எலிக் கூட்டம், கூட்டத்துக்கு 20 எலி. ஒவ்வொண்ணுக்கும் இந்தியாவுல ஒரு பகுதிச் சாப்பாடு. சீக்கிய எலிக்கு முழுக்கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி. மதராசி எலிக்குத் தீட்டிக் கழுவின அரிசி முக்கியம். பாலும் நெய்யும் பேருக்கு. கடைசியில எடை போட்டாங்க. சீக்கியர் 235 கிராம், பட்டாணியர் 230, மராட்டியர் 225, கூர்க்கா 200, கன்னடர் 185, வங்காளி 180. கடைசியில நாம, 155.

மெக்கரிசனுக்கு நியாயம் செய்யணும். அவர் சொன்னது ராபர்ட்ஸ் சொன்னதுக்கு நேர் எதிர். ரத்தத்துல ஒண்ணும் இல்ல, தட்டுலதான் இருக்குன்னாரு. பால் இல்ல, அரிசியைத் தீட்டித் தவிட்டை எடுத்துட்டாங்க, அதுதான் அவரோட குறை. ஆனா ஊருக்குள்ள இறங்கினது அந்தப் பாதி இல்ல. 'கோதுமைன்னா பலம், அரிசின்னா சோப்ளாங்கி'ங்கிறதுதான் இறங்கிச்சு.

கோதுமைதான் காரணம்னா, குட் முற்றுகையை எப்படி விளக்குறது? 1915 டிசம்பர்லேருந்து 1916 ஏப்ரல் வரைக்கும், மெசபடோமியாவுல. உள்ள மாட்டின பிரிட்டிஷ் வீரர்கள் வெள்ளை மாவு ரொட்டி தின்னாங்க, பெரிபெரி வந்துச்சு. ஆட்டா தின்ன இந்திய வீரர்களுக்கு அது வரல. (அவங்களுக்கு ஸ்கர்வி வந்துச்சு, அது வேற சோகம்.) அப்புறம் பிரிட்டிஷ்காரங்களுக்கும் ஆட்டா கொடுத்தப்போ பெரிபெரி குறைஞ்சது. ரெண்டும் கோதுமைதான். வித்தியாசம் தவிடு. நாம ராத்திரி பதினோரு மணிக்குப் பிச்சுப் போடுற பரோட்டாவும் கோதுமைதானே.

எனக்கு இருக்கிற பெரிய கோபம் அந்த 'மதராசி'ங்கிற வார்த்தை மேலதான். யார் அந்த மதராசி? கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில சாமையும் தினையும் கேழ்வரகும் விளையுது. கீழே மானாவாரி நிலத்துல கம்பு, வரகு. எங்க ஆயா காலத்துல நெல்லுச் சோறுங்கிறது பொங்கல், தீபாவளிக்குத்தான். மத்த நாளெல்லாம் களி, கூழ். மில்லுல தீட்டின வெள்ளை அரிசி டவுன்காரங்க சாப்பாடு. அதை ஒரு கூண்டுல வெச்சு, மொத்த ராஜதானிக்கும் அதுதான் பேருன்னு எழுதிட்டாங்க. களி தின்னவன் அந்தக் கணக்குலயே இல்ல.

குன்னூர்லேருந்து சில கிலோமீட்டர்ல வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்ட்டோட மையம் இன்னைக்கு அங்கதான் இருக்கு. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டு, ஒதுக்கி வெச்ச தெற்கத்திக்காரங்களைத் திரும்பச் சேர்த்து உருவாக்கின பட்டாளம். அவங்களோட போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". எலிக் கூண்டுல கடைசியா நின்ன அதே பேரு.

இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொன்னேன். அடுப்புல சப்பாத்தியைத் திருப்பிக்கிட்டே கேட்டாரு. ராபர்ட்ஸ் பத்தி ஒண்ணும் சொல்லல. எலிக் கதைக்கு மட்டும் நிமிர்ந்தாரு.

"அரிசிய என்னா பண்ணிக் குடுத்தாங்களாம்?"

"நல்லாத் தீட்டி, கழுவின அரிசி பெரியப்பா."

"மோரு?"

"கொஞ்சம்னு நெனைக்கிறேன்."

சப்பாத்தியை எடுத்து என் தட்டுல போட்டாரு. "அப்போ எலி மேல குத்தம் இல்ல. சமையக்காரன் சரியில்ல."