சேம்பர்ஸ் எழுதிய ஒரு வரி

ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகும் மாணவருக்கு நெறியாளர் சொல்லும் முதல் பாடம்: நீ பார்த்தது எது, அளந்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, பிரித்து எழுது. கேட்க எளிதாத்தான் இருக்கும். இந்தப் பழக்கம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க மாமல்லபுரம் ஒன்றே போதும்.

வில்லியம் சேம்பர்ஸ் 1772-லும் 1776-லும் அங்கே போனவர். அவர் கட்டுரை 1788-இல் கல்கத்தாவின் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வந்தது. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதுவதாக அவரே ஒத்துக்கொள்கிறார். இன்றைக்கு எந்த இதழ் இதை வாங்கிக்கொள்ளும்? ஆனாலும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். கடலுக்குள்ளே செப்புத் தகடு போர்த்திய கோயில் முகடுகள் விடியலில் மின்னியதாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று எழுதினார். தான் பார்த்ததாக எழுதவில்லை.

சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்ஹாம் 1798-இல் எழுதிய கட்டுரையில் அடிக்கணக்கு வந்துவிட்டது. கல்வெட்டு எழுத்துதான் யாருக்கும் பிடிபடவில்லை. பெஞ்சமின் பாபிங்டன் அதைப் படித்தார். அவர் கட்டுரை 1830-இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் தொகுதியில் அச்சானது. தன் வாசிப்போடு நிற்காமல், கல்வெட்டுப் படிகளையும் சேர்த்து அச்சிட்டார். “என்னை நம்பு” என்பதற்கும் “நீயே பார்த்துக்கொள்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1890-இல் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதே கல்வெட்டுகளை மறுபடி பதிப்பித்தார். முன்னவர் தப்பைப் பின்னவர் திருத்தலாம். கட்டுரைக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை.

சேம்பர்ஸ் கேட்ட கதை? 2002-இல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் முக்குளித்தார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. செப்பு முகடு கிடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பெரியவர்கள் பேச்சைத் தேடிப் பார்க்கலாம் என்ற அளவுக்குத்தான் அர்த்தம்.

சேம்பர்ஸ் பெயர் அடிக்குறிப்புகளில் நிலைத்துவிட்டது. சொன்னவர்கள் வெறும் ‘ஊர்ப் பெரியவர்கள்’ ஆகவே நின்றுபோனார்கள். இன்று கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் மீனவரிடம் நீரோட்டமும் மீன்வரத்தும் கேட்டு எழுதுகிற மாணவர்கள், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடலாம். அதுவும் ஆய்வுமுறையில் சேர்ந்ததுதானே.