பேலியேட்டிவ் கேர் கடைசி நாள்களுக்கு மட்டும்தானா? தாதியரின் அன்றாட வேலையில் அதற்கு என்ன இடம்?

"தாத்தாவுக்கு பேலியேட்டிவ் கேர் பார்க்கலாம்" என்று மருத்துவமனையில் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? "அவ்ளோதானா? இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?" என்றுதான் பலரும் பதறுவார்கள்.

அப்படிப் பதறத் தேவையில்லை.

பேலியேட்டிவ் கேர் என்றால் என்ன?

தமிழில் வலிநிவாரணப் பராமரிப்பு என்கிறோம். பெயரில் வலி மட்டும் இருந்தாலும் மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, பயம், குடும்பத்தாரின் கவலை என எல்லாமே அதில் அடங்கும். கடுமையான நோயுடன் வாழ்பவர் முடிந்தவரை நிம்மதியாக வாழ உதவுவதே அதன் நோக்கம்.

புற்றுநோய்க்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் நோய், முதுமைக்கால மறதிநோய் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும்.

எப்போது தொடங்கலாம்?

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் வலிநிவாரணப் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக 2 மாதத்துக்கும் மேல் கூடுதலாக உயிர்வாழ்ந்தார்கள்.

ஏன் தாதியர்?

மருத்துவர் வந்து பார்ப்பது சில நிமிடங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் தாதி. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பவரும் அவர்தான்.

நவீன அந்திமகாலப் பராமரிப்புக்கு அடித்தளம் போட்ட சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன்பு தாதியாகப் பணியாற்றியவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனம், உறவுகள், நம்பிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது என்பது அவர் தந்த முக்கியமான கருத்து.

சாதாரண வார்டில் அதை எப்படிச் செய்வார்கள்?

தனிப் பிரிவோ சிறப்பு இயந்திரமோ தேவையில்லை. ஏற்கெனவே செய்யும் வேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்தாலே பாதி வந்துவிடும்.

• வலியைக் கேட்பது: 0 முதல் 10 வரை எவ்வளவு வலி என்று கேட்பார்கள். பேச முடியாதவர் என்றால் முகச்சுளிப்பு, முனகல், உடல் இறுக்கம் ஆகியவற்றைக் கவனிப்பார்கள். மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் கேட்பது ரொம்ப முக்கியம்.

• மூச்சுத்திணறல்: சாய்ந்து உட்கார வைப்பது, முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி வைப்பது போன்ற எளிய வழிகளும் உதவும்.

• வாய்ப் பராமரிப்பு: உலர்ந்த உதட்டையும் வாயையும் அடிக்கடி ஈரப்படுத்துவது பெரிய ஆறுதல்.

• ஒரு கேள்வி: "இப்போ உங்களுக்கு எது முக்கியம்?" பதில் வலியைப் பற்றி இருக்காமல் போகலாம். பேத்தியின் திருமணமாக இருக்கலாம், சாமி கும்பிடுவதாக இருக்கலாம், வீட்டுக்குப் போவதாக இருக்கலாம்.

மார்ஃபின் என்றால் பயமா?

"மார்ஃபின் போட்டா முடிஞ்சுது" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மருத்துவக் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலிக்காக அதை எடுத்துக்கொள்பவர் அடிமையாவதும் அரிது. அதனால் மலச்சிக்கல் வரும் என்பது உண்மை. அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

"சாப்பிடவே மாட்டேங்கிறாங்களே" என்பது இன்னொரு தவிப்பு. இறுதிக் கட்டத்தில் உடலுக்குப் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. அவர் கேட்கும்போது ஒரு வாய் கொடுத்தால் போதும்.

சிங்கப்பூரில் என்ன நடக்கிறது?

மருத்துவமனைகளில் நேரும் மரணங்களின் விகிதத்தை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சுகாதார அமைச்சு 2023இல் இலக்கு வகுத்தது. அப்படியானால் இன்னும் நிறையப் பேர் வீட்டிலோ தாதிமை இல்லத்திலோ தங்கள் கடைசி நாள்களைக் கழிப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் எல்லாத் தாதியருக்கும் இந்தத் திறன் வேண்டும்.

நோயாளியின் விருப்பங்களை முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்யும் ஏசிபி எனும் பராமரிப்புத் திட்டமும் இருக்கிறது. அந்தக் கலந்துரையாடலை நடத்தப் பயிற்சி பெற்ற தாதியர் உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

தமிழ் மட்டும் பேசும் பாட்டிக்கும் ஆங்கிலத்தில் கேட்கும் தாதிக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் நீங்கள்தான். அப்படியானால் இவற்றை நினைவில் வையுங்கள்:

• பாட்டி சொல்வதைச் சுருக்காதீர்கள். குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது எல்லாம் வேறு வேறு வலி. எரிச்சல் என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம், மருந்தே மாறலாம்.

• "பரவால்ல, ஒண்ணுமில்ல" என்றால் வலி இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றும் அவர் நினைத்திருக்கலாம். "ராத்திரி தூங்கினீங்களா? திரும்பிப் படுக்க முடியுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

• "பாட்டிகிட்ட சொல்லாதீங்க" என்று குடும்பம் சொன்னால், அதைத் தாதியிடம் தெரிவியுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதைப் பாட்டியிடமே மென்மையாகக் கேட்க அவர்களுக்குத் தெரியும். பல நேரங்களில் பாட்டிக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும்.

• கெட்ட செய்தியை மொழிபெயர்க்கும் பாரம் உங்களுக்குத் தாங்கவில்லையா? மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேரப்பிள்ளையாக மட்டும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.